கூண்டுக்கு வைத்த சந்தனம்

வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு வேறு கால்நடை மருத்துவர் யாரைக் கூப்பிடலாம் என்று அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். டாக்டர் செங்கோட்டுவேலுக்கு என்ன என்றேன். காலையில் வெண்ணந்தூரில், வீட்டிலேயே, மாரடைப்பில் போய்விட்டார் என்றார்கள்.

எங்கள் மருந்தியல் கல்லூரியின் விலங்குச் சோதனை நெறிமுறைக் குழுவில் அவரோடு இருந்த உங்களிடம், அவர் இனிமையானவர் என்று சொன்னால் சிரிப்பீர்கள். தேநீர் ஆறிப்போகும்வரை கேள்வி கேட்பார். சின்ன ஊசிதானே என்று யாராவது சொல்லிவிட்டால், "உங்க கையில ஒண்ணு போட்டுக்கிட்டு அப்புறம் பேசலாமுங்க" என்பார். வீம்பு பிடித்த மனிதர் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அந்த ஆயுத பூஜையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். புண் ஆற்றும் களிம்பு ஒன்றை முயல்களிடம் சோதித்துக்கொண்டிருந்தோம். தராசுக்கும் நுண்ணோக்கிக்கும் சந்தனம் வைத்த கை, முயல் கூண்டுகளுக்கும் வைத்துவிட்டது. பூஜையில் வைத்ததை மறுநாள்வரை தொடக் கூடாது அல்லவா? தீவனமும் தண்ணீரும் முன்கூட்டியே வைத்திருந்தார்கள். கூண்டை மட்டும் யாரும் திறக்கவில்லை. வலிக்கான ஊசி போடப்படவே இல்லை.

மறுநாள் அவர் வந்தபோது தீவனம் அப்படியே கிடந்தது. முயல்கள் மூலையில் ஒடுங்கியிருந்தன. சில தம் புண்ணையே கடித்திருந்தன. அவர் யாரையும் திட்டவில்லை. ஊசி போட்டுவிட்டு, ஆய்வை நிறுத்தச் சொன்னார்.

ஆய்வு என் துறையுடையது. நிறுத்தினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், புதிய முயல்களுக்கும் புண் உண்டாக்க வேண்டும், தொடர்ந்தால் இவற்றோடு முடிந்துவிடும் என்று வாதிட்டேன்.

அவர் கூண்டுகளைப் பார்த்தபடியே சொன்னார்:

"தெரியுமுங்க மேடம். நாளைக்கு வர்றதுகளுக்காக நீ பொறுத்துக்கன்னு இதுககிட்ட யாருங்க சொல்றது?"

ஆய்வு நின்றது. தேறாத முயல்களுக்குக் கடைசி ஊசியை அவரே போட்டார். ஒவ்வொன்றையும் மடியில் வைத்து, "கொஞ்ச நேரந்தாஞ் சாமி" என்று, குழந்தையிடம் பேசுவதுபோல் சொன்னார்.

புதிய முயல்கள் வந்தன. ஞாயிறு, தீபாவளி என்று பாராமல் தினமும் வந்து அவரே ஊசி போட்டார். ஆய்வு முடிந்ததும், விதிப்படி அவையும் கொல்லப்பட்டன. அதற்கும் அவர்தான் ஒப்புதல் தந்தார். களிம்பு நன்றாகவே வேலை செய்தது.

துக்கம் கேட்டுவிட்டு வரும் வழியெல்லாம் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் நிறுத்தியதால் அதிக முயல்கள்தான் செத்தன. கணக்கில் நான் சொன்னதே சரி. ஆனால் ஒரு கூண்டின் முன்னால் நின்று அதை இன்னொரு முறை சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தத் தயக்கம் மட்டுமே.