வியாழன் தெற்கே சூலம்

கோவை காந்திபுரத்தில் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் அலுவலகத்தில் சாந்தாமணிக்கு ஒன்பது வருட வேலை. நல்ல பொறுமைசாலி என்று முதலாளி எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். அதனாலேயே வம்பு பிடித்த கிராக்கிகள் எல்லாம் அவள் மேசைக்கே வந்து சேர்ந்தார்கள்.

தொண்ணூற்று நான்கு ஆவணியில் அப்படி வந்தவர் திருமூர்த்தி. பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்தார். ஞாயிறு விடியலில் மகனுக்குக் கல்யாணம், சனி இராத்திரி இணைச்சீர். அதற்கு மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் வந்து உட்கார வேண்டும். அவருடைய ஒரே மகள் நந்திதாவோ ராணுவத்துக் கணவனோடு லடாக்கின் லேயில் இருந்தாள். அவனுக்குப் புதன்கிழமை வரை லீவு இல்லை.

"வியாழக்கிழமை காலைல டெல்லிக்கு ஃப்ளைட் இருக்குதுங்க."

"வியாழன் தெக்க சூலமுங்க அம்மணி. அந்தத் தெசைல பொறப்பட ஆவாது. சனிக்கெழம போடுங்க."

"வெள்ளிக்கிழமை லேயில இருந்து ஃப்ளைட்டே இல்லைங்க. சனிக்கிழமை பொறப்பட்டா அன்னைக்கு இங்க வந்து சேர முடியாதுங்க."

திருமூர்த்தி பையிலிருந்து பள்ளிக்கூட அட்லஸையும் ஒரு நூலையும் எடுத்தார். "அளந்து போட்டேனுங்க. ரெண்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டர். ப்ளேனு மணிக்கு எண்ணூறு. மூணேகால் மணி நேரந்தானுங்க."

"நூல் போற வழியில ப்ளேன் போகாதுங்க. டெல்லி, மெட்ராஸ், அப்புறந்தான் கோயமுத்தூர். லேயில காத்தடிச்சா ப்ளேன் எறங்கவே எறங்காது."

"பல்லடத்துல இருந்து பொள்ளாச்சி போறவன் ஈரோடு சுத்தியா போறான்?"

சாந்தாமணிக்குத் தலை வலிக்கத் தொடங்கியது. "பங்காளி ஊட்டுப் பொண்ணு யாராச்சும் இணைச்சீர் செய்யட்டுமுங்களே."

கேட்டிருக்கக் கூடாது. அவர் முகம் சுருங்கிப் போயிற்று. "கூடப்பொறந்தவ கல்லாட்டம் இருக்கறப்பவா?" என்றார் மெதுவாக.

அவளுக்கும் ஒரு தம்பி உண்டு. மறுபடியும் கால அட்டவணையை எடுத்தாள். வியாழக்கிழமை லேயிலிருந்து ஜம்முவுக்கு ஒரு விமானம் இருந்தது. இரண்டும் மலையோரத்துச் சின்ன விமான நிலையங்கள். நடுவே முந்நூறு கிலோமீட்டர்தான். சாலையில் இரண்டு நாள் எடுக்கும் வழியை விமானம் ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிடும். வெள்ளிக்கிழமை அங்கிருந்து டெல்லி வழியாக மெட்ராஸ் வந்துவிட்டால் சனிக்கிழமை கோவை.

"ஜம்மு எந்தப் பக்கமுங்க?"

"லேக்கு மேக்கங்க. வியாழக்கிழமை மேக்க சூலமில்லை."

அவர் மறுபடியும் நூலை வைத்துப் பார்த்தார். "கொஞ்சம் தெக்க சாயுதுங்களே."

சாந்தாமணி பேனாவை மூடி வைத்தாள். "அந்தச் சாய்ச்சலுக்கு பைலட் பொறுப்புங்க. உங்க பொண்ணு இல்ல."

திருமூர்த்தி நூலைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு தலையாட்டினார்.

சனிக்கிழமை மத்தியானம் நந்திதா பீளமேடு விமான நிலையத்தில் வந்து இறங்கினாள். இணைச்சீர் குறையில்லாமல் நடந்தது. திங்கட்கிழமை திருமூர்த்தி ஒரு டப்பா முறுக்கோடு வந்து உட்கார்ந்தார்.

"லேயில அந்தச் சனிக்கெழம ப்ளேனு காத்துல நின்னே போச்சாமுங்க. சூலம் பாத்ததுனால தப்பிச்சோம்."

"சனிக்கிழமைதான் வேணும்னு கேட்டது ஆருங்க?"

"நாந்தேன். நாங் கேட்டனேன்னு நீங்க குடுத்திருந்தா என்ன ஆயிருக்கும்? யோசிக்க வேண்டாமுங்களா?" என்று கண்டிப்பாகவே கேட்டார்.

சாந்தாமணி ஒரு முறுக்கை எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டாள். வாய் நிறைய இருந்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை.