லிஃப்டில் ஏறிய பேரம்

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் மீன் வாங்குவதற்கு என்னிடம் ஒரு முறை இருக்கிறது. வாங்க நினைக்கும் மீனைப் பார்க்கவே கூடாது. அதற்குப் பக்கத்தில் கிடப்பதைத் தூக்கி, செவுளைப் பிரித்து, உதட்டைப் பிதுக்கி, "இது இன்னைக்கு வந்ததா?" என்று கேட்க வேண்டும். கடைக்காரர் அந்த மீனுக்காக வாதாடிக் களைத்த பிறகு, போனால் போகிறது என்ற முகத்தோடு, "சரி, அதையாவது போடுங்க" என்று உண்மையில் வேண்டிய மீனைக் காட்ட வேண்டும். இதில் எவ்வளவு மிச்சம் பிடிக்கிறாய் என்று என் கணவர் ஒருமுறை கேட்டார். பஸ் காசுக்குக்கூடக் காணாது என்பதால் பேச்சை மாற்றிவிட்டேன். ஆனாலும் என்னைவிடக் கெட்டிக்காரி சந்தையில் யாரும் இல்லை என்ற நினைப்பு எனக்கு உண்டு.

அந்த நினைப்போடுதான் லிஃப்ட் வாங்கப் போனேன்.

லிஃப்ட் என்றால் தெம்பனிஸில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கில் பாதி நாள் பத்தாவது மாடியிலேயே நின்றுவிடுகிற லிஃப்ட் இல்லை. இது மோட்டார் சைக்கிள் ஒர்க்‌ஷாப்பில் இருப்பது. தரையோடு கிடக்கும் நீளமான இரும்புப் பலகை. வண்டியை அதன்மேல் ஏற்றிக் கட்டிவிட்டு, பக்கத்தில் இருக்கும் மிதியைக் காலால் மிதித்துக்கொண்டே இருந்தால் வண்டி இடுப்பு உயரத்துக்கு வந்துவிடும். நின்றபடியே வேலை செய்யலாம்.

என் கணவர் உபி வட்டாரத்தில் சின்னதாக ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். வண்டியைப் பிரிப்பதும் பூட்டுவதும் அவர். கணக்கு, சாமான் வாங்குவது, வண்டி தயாராகியும் எடுக்க வராதவர்களுக்குப் போன் போட்டுத் திட்டுவது எல்லாம் நான். அவரிடம் லிஃப்ட் கிடையாது. இத்தனை வருடமும் ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் குந்தி, குனிந்து, படுத்துதான் வேலை பார்த்தார். கடைசியில் முதுகு போயிற்று. இனிமேல் தரையில் உட்கார்ந்து வேலை செய்தால் நடப்பதே சிரமமாகிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். புது லிஃப்டின் விலையைக் கேட்டுவிட்டு வந்த அன்று, சாப்பிட்டுக்கொண்டே, "பேசாம கடைய வித்துட்டு எங்கயாச்சும் வேலைக்குப் போயிடவா?" என்றார். சோற்றைப் பிசைந்தபடி சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அந்தக் கடையைத் தவிர வேறெதிலும் அவர் சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. என்னைக் கல்யாணம் செய்துகொண்ட அன்றுகூட அவ்வளவாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்ததும் ஃபேரர் பார்க் பக்கம் ஒரு கடையில் தேநீர் குடிப்பது எங்கள் வழக்கம். அங்கே ஒரு பாய் வருவார். அவரும் மோட்டார் சைக்கிள் ஒர்க்‌ஷாப்காரர்தான், உபிக்குப் பக்கத்தில் காக்கி புக்கிட்டில். பால், சீனி இரண்டும் இல்லாத தே ஓ கோசோங் குடிப்பார், கூடவே மூன்று பரோட்டாவைச் சீனி தொட்டுச் சாப்பிடுவார். அவரைப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்தது அவ்வளவுதான். பல வருடப் பழக்கம், பெயர்கூடத் தெரியாது.

அந்த ஞாயிறு என் கணவர் நின்றுகொண்டே குடித்தார். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது.

"என்ன தம்பி, நிக்கிறீங்க?" என்றார் பாய்.

நான் முந்திக்கொண்டேன். "எப்பப் பாரு குனிஞ்சே வேலை பாக்குறாருல்ல பாய். நின்னு குடிச்சா ஒரு சேஞ்சா இருக்குமாம்."

"அப்ப ஒரு லிஃப்ட் போட்டுக்க வேண்டியதுதானே லா. என் கடையில ஒண்ணு சும்மா கெடக்கு. நல்ல ஜாமான். வேணும்னா வந்து பாருங்க."

எனக்கு உள்ளே ஆயிரம் மணி அடித்தது. வெளியே மிக்சரைக் கொறித்தபடி, "என்ன வெல சொல்றீங்க?" என்றேன்.

"நமக்குள்ள என்ன தங்கச்சி. பாத்துட்டு நீங்களே ஒரு வெல சொல்லுங்க."

பேரம் பேசுகிறவர்களை இதைவிட மோசமாகத் தாக்கவே முடியாது. எதிராளி ஒரு விலை சொன்னால்தானே நான் நெஞ்சில் கைவைத்து அதிர்ச்சி அடைய முடியும்? பாதிக்குக் கேட்க முடியும்? எழுந்து போவதுபோல நாலு எட்டு வைக்க முடியும்? நீங்களே சொல்லுங்க என்றால் நான் யாரிடம் அதிர்ச்சி அடைவது? குறைத்துச் சொன்னால் அடுத்த ஞாயிறு அவர் முகத்தில் எப்படி விழிப்பது? கூட்டிச் சொன்னால் வீட்டில் இவர் முகத்தில் எப்படி விழிப்பது? முன்பின் தெரியாதவர் என்றால் கூச்சமில்லாமல் பேசலாம். சொந்தக்காரர் என்றால் சண்டை போட்டாவது பேசலாம். தெரிந்தவர் என்று ஒரு வகை இருக்கிறதே, அவர்களிடம்தான் வாயைத் திறக்க முடியாது.

மூன்று நாள் போனில் பழைய லிஃப்ட் விலைகளைத் தேடினேன். கடைசியில், முந்நூறு டாலரில் ஆரம்பித்து எண்ணூறில் நின்றுவிடுவது என்று முடிவு செய்தேன். எண்ணூறுக்கு மேல் எங்களிடம் இல்லவும் இல்லை.

போகிற வழியில் கணவருக்குப் பாடம் நடத்தினேன். "முதுகு வலிக்குதுன்னு காட்டவே கூடாது. நமக்கு அவசியம்னு தெரிஞ்சா வெல ஏறிடும். நிமிந்து நடங்க. நான் லிஃப்டைப் பாக்க மாட்டேன், வேற எதையாச்சும் பாப்பேன். நீங்களும் பாக்காதீங்க."

"அப்புறம் எதுக்குப் போறோம்?" என்றார்.

பாயின் கடைக்குள் என் கணவர் தேசிய தின அணிவகுப்பில் வருகிறவர் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நுழைந்தார். உள்ளே புதுப் பெயின்ட் வாசனை. சுவரில் பாதிக்கு வெள்ளை அடித்திருந்தது, தரையை யாரோ தேய்த்துக் கழுவியிருந்தார்கள். கடையைப் புதுப்பிக்கிறார், தொழில் நன்றாக ஓடுகிறது, பணத்துக்கு அவசரமில்லை, ஆகவே இறங்கி வரமாட்டார் என்று நான் கணக்குப் போட்டேன். இவ்வளவு கூர்மையாகக் கவனிக்கிறேனே என்று என்னை நானே மெச்சிக்கொள்ளவும் செய்தேன்.

லிஃப்ட் நடுக் கடையில் கிடந்தது. நான் அதைத் தாண்டி மூலையில் இருந்த காற்றடிக்கும் கம்ப்ரஸரிடம் போனேன். தட்டிப் பார்த்தேன். "இது நல்லா ஓடுமா பாய்? டேங்க் துரு பிடிச்ச மாதிரி இருக்கே."

பாயின் முகம் வாடியது. "அப்ப லிஃப்ட் வேணாமா தங்கச்சி?"

அந்தக் குரலில் இருந்த கவலை ஒரு குழந்தைக்குக்கூடப் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. ஆசாமி நடிக்கிறார் என்று நினைத்தேன்.

"லிஃப்டா? அது பாக்கலாம். எடம் வேற அடைக்கும்" என்றேன்.

"அவசரம் ஒண்ணும் இல்ல. ரெண்டு மூணு பேரு கேட்டிருக்காங்க" என்று அவரும் கூரையைப் பார்த்தபடி சொன்னார்.

இப்படி நாங்கள் இரண்டு பேரும் லிஃப்டைப் பார்க்காமல் லிஃப்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, என் கணவரால் பொறுக்க முடியவில்லை. மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போய் இயந்திரத்தைப் பார்க்காதே என்றால் நடக்கிற காரியமா? எண்ணெய் கசிகிறதா என்று பார்க்க, லிஃப்டின் பக்கத்தில் முட்டி போட்டுக் குனிந்தார்.

குனிந்தவர் நிமிரவில்லை.

"என்னங்க?" என்றேன்.

"ஒண்ணும் இல்ல" என்றார் தரையைப் பார்த்து. சொன்ன சொல் தவறாத மனிதர், அந்த நிலையிலும் வலியைக் காட்டவில்லை. ஆனால் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டுச் சொட்டாகப் பலகைமேல் விழுந்தது. நான் ஒரு கையையும் பாய் ஒரு கையையும் பிடித்துத் தூக்கப் பார்த்தோம். அவர் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைச் சீனர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"தூக்காதீங்க தங்கச்சி, நில்லுங்க" என்றார் பாய். "தம்பி, அப்படியே பக்கவாட்டுல சாஞ்சு பலகை மேல படுங்க. அம்மாம் பெரிய வண்டியையே தூக்குது, உங்களத் தூக்காதா?"

என் கணவர் மெதுவாகச் சரிந்து லிஃப்டின்மேல் படுத்தார். பாய் மிதியை மிதித்தார். புஸ் புஸ் என்று சத்தம் வந்தது, கையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடியபடி என் கணவர் மேலே வந்தார். ஒரு குலுக்கல் இல்லை, ஒரு ஆட்டம் இல்லை. இடுப்பு உயரத்தில் வந்து நின்றது. "அப்பாடா. இப்படியே இருக்கேன், நல்லாருக்கு" என்றார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. திட்டம் போட்டு அவரை நிமிர்ந்து நடக்கவைத்துக் கூட்டிவந்தவள் நான்தானே. மறைக்க இனி ஒன்றும் இல்லை. டாக்டர் சொன்னது, கடையை விற்பதாக இவர் சொன்னது, கையில் எண்ணூறுதான் இருக்கிறது என்பது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "எங்களுக்கு இந்த லிஃப்ட் வேணும் பாய். கம்ப்ரஸர் சும்மா பாத்தேன்."

பாய் ஒரு டயர்மேல் உட்கார்ந்தார்.

"யாரும் கேக்கல தங்கச்சி" என்றார். "ரெண்டு மூணு பேருன்னது பொய். நான் கடைய மூடுறேன். வாடக கட்டுப்படியாகல. வர்ற வாரம் சாவி குடுக்கணும். எடத்த வந்தப்ப இருந்த மாதிரி வெள்ளையடிச்சு, காலி பண்ணிக் குடுக்கணுமாம். இதெல்லாம் அள்ளிக்கிட்டுப் போக லாரிக்காரன் என்கிட்டயே காசு கேக்குறான். மூடுறேன்னு சொல்ல நாக்கு வரல, அதான் சும்மா கெடக்குன்னு சொன்னேன். நீங்க எடுத்துட்டுப் போனா அதுவே பெரிய உபகாரம். காசெல்லாம் வேணாம்."

நான் மெச்சிக்கொண்ட கூர்மை அந்த வெள்ளைச் சுவரில் போய் முட்டிக்கொண்டது.

"சும்மா எப்படி பாய் எடுத்துக்கிறது? எண்ணூறு வச்சுக்குங்க."

"எண்ணூறா? அநியாயம் லா. நானே காசு குடுத்துத் தூக்கிப் போட இருந்தது. வேணும்னா ஒரு நூறு குடுங்க."

"நூறா? புதுசு என்ன வெலன்னு எங்களுக்குத் தெரியாதா? எழுநூத்தம்பது."

"நூத்தம்பது. அதுக்கு மேல ஒரு வெள்ளி வாங்க மாட்டேன்."

வாழ்க்கையில் முதல்முறையாக விலையை ஏற்றிப் பேசினேன். அவர் நெஞ்சில் கைவைத்து அதிர்ச்சி அடைந்தார். நான் எழுந்து போவதுபோல நாலு எட்டு வைத்தேன். இரண்டு பேருக்கும் குரல் ஏறியது. லிஃப்டின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் பாய், நடுவில் ஒருவர் படுத்திருக்கிறார் என்பதே மறந்துபோயிற்று.

"முதல்ல என்னைய எறக்குறீங்களா?" என்றது நடுவிலிருந்து ஒரு குரல்.

இருவரும் குனிந்து பார்த்தோம். இல்லை, குனியவே தேவைப்படவில்லை. அவர் முகம் எங்கள் இடுப்புக்கு நேரே இருந்தது.

"நான்தானே ஏறிப் பாத்தேன், நான் சொல்றேன்" என்றார். "எண்ணெய் கசியல. பாரம் தாங்குது. அறுநூறு. கம்ப்ரஸரும் சேத்து. லாரி எங்க செலவு. சரியா பாய்?"

பாய் யோசித்தார். தலையை ஆட்டப் போனார். அந்த நேரம் பார்த்து, என் அனுமதி இல்லாமலே என் வாய் திறந்தது. "கம்ப்ரஸர்ல துரு இருக்கு. ஐநூத்தம்பது."

எண்ணூறு தருகிறேன் என்று சண்டை போட்ட அதே வாய்தான். இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் கணவர் சிரித்தார், சிரித்ததும் முதுகு வலித்தது, "ஐயோ" என்றபடியே மறுபடியும் சிரித்தார். பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நான் மட்டும் எதையோ தேடுவதுபோலக் கைப்பைக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

அறுநூறுதான். அங்கேயே போனில் அனுப்பினேன். அனுப்பும்போது திரையில் அவருடைய முழுப் பெயர் வந்தது. அழகான, நீளமான பெயர். இத்தனை வருடம் கேட்காமல் இருந்துவிட்டேன்.

பாய் இப்போது மச்சானின் சாப்பாட்டுக் கடையில் கல்லாவில் உட்கார்கிறார். ஞாயிற்றுக்கிழமை தேநீருக்குத் தவறாமல் வருகிறார். "லிஃப்ட் எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு, பிறகுதான் "தம்பி எப்படி இருக்காரு?" என்கிறார்.

தம்பி நன்றாக இருக்கிறார். நின்றுகொண்டே வேலை செய்கிறார். ஒர்க்‌ஷாப் மூலையில் இருக்கும் என் மேசையிலிருந்து, இத்தனை வருடம் வண்டிகளுக்கு அடியில் வளைந்து கிடந்த ஒரு முதுகைத்தான் நான் பார்த்திருக்கிறேன். இப்போது முகம் தெரிகிறது. வேலையில் மூழ்கியிருக்கும்போது நாக்கின் நுனியைக் கடித்துக்கொள்வார் என்பது எனக்குத் தெரியவே தெரியாது. சில நேரம் கணக்கை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். சாமான்காரர்களிடம் போனில் நான் பேரம் பேசும்போது, அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பதும் நன்றாகத் தெரிகிறது.