எண்ணாமல் ஏற்றிய பிள்ளைகள்

எங்கள் குடும்பத்தில் பிள்ளைகளை எண்ண மாட்டார்கள். ஆடு மாட்டை எண்ணலாம், தேங்காயை எண்ணலாம். பிள்ளைகளை விரல் நீட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணினால் ஆயுசு குறையும் என்பார்கள். நானோ மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். தினமும் காலையில் நாற்பது தலைகளை எண்ணுவதுதான் என் முதல் வேலை. அந்த நாற்பதும் நன்றாகத்தான் இருக்கின்றன என்று சொன்னால் என் அக்காவுக்குக் கோபம் வரும். "அது கவர்மெண்டு எண்ணுறது. நம்ம புள்ளைகள நாம எண்ணக் கூடாதுடி" என்பாள். அவளிடம் வாயாடி ஜெயித்தவர்கள் யாருமில்லை.

அக்காவின் பயத்துக்குக் காரணம் இருந்தது. மூன்று முறை வயிற்றில் தங்காமல் போய், அழகர்கோவிலுக்கு நடையாய் நடந்து, பத்தாவது வருஷம் பிறந்த ஒரே மகள் அவளுக்கு. அந்தப் பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்குக்கூடத் தனியாக அனுப்ப மாட்டாள். தும்மினால் சூடம் சுற்றுவாள், இருமினால் டாக்டரிடம் ஓடுவாள்.

எண்பதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம், எழுமலைப் பக்கம் பங்காளி வீட்டில் காதுகுத்து. அக்கா வழுக்கி விழுந்து காலில் கட்டோடு கிடந்தாள். ஏழு வயது மகள், "நான் சித்தியோட போறேன்" என்று ரெண்டு நாள் சோறு தின்னாமல் அடம் பிடித்ததால், மனசில்லாமல் என்னோடு அனுப்பினாள். கூடவே என் பிள்ளைகள் இரண்டு, லீவுக்கு வந்திருந்த என் தம்பியின் பிள்ளைகள் இரண்டு. "கைய விட்றாத. கெணத்துப் பக்கம் விடாத. எண்ணிக்கிட்டுத் திரியாத" என்று அக்கா மூன்று கட்டளை போட்டாள். மூன்றில் கடைசி ஒன்றைத்தான் நான் ஒழுங்காகக் காப்பாற்றினேன். வினையே அதில்தான் வந்தது.

எழுமலையிலிருந்து உசிலம்பட்டி வரும் வழியில் புதுக்கடை என்று ஓர் இடம் இருந்தது. ஊர் இல்லை, வெறும் கடைகள். கடலை மில் வைத்திருந்த ஒரு பணக்காரர், வெட்ட வெளியில் சதுரமாக ஒரு முற்றம் விட்டு, நாலு பக்கமும் ஓட்டுக் கூரையோடு கடைகளைக் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். கடைகளுக்கு முன்னால் தூண் வைத்த தாழ்வாரம். வெயில் தலையில் படாமல் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடலாம். முற்றத்து நடுவில் சிமெண்டுத் தொட்டி, அதில் சிவப்பு மீன்கள். அறுபதுகளின் நடுவில் எனக்குப் பதினைந்து வயது இருக்கும். சனிக்கிழமையானால் அக்காவும் நானும் எங்கள் ஊரிலிருந்து இரண்டு மைல் நடந்து அங்கே போவோம். ஜவுளிக்கடையில் புதுத்துணி வாசனை, போட்டோக் கடை வாசலில் கண்ணாடிக்குள் கல்யாண ஜோடிகள், சர்பத் கடையில் ரேடியோப் பாட்டு. எங்கள் அப்பா முன்னால் வாயே திறக்காத பெண்களெல்லாம் அங்கே வந்தால் சத்தமாகச் சிரிப்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்புத்தான் அதிகம் பிடிக்கும்.

எல்லாவற்றையும் விட வளையல் கடை. வளையல்காரர் மணைப்பலகையில் எதிரே உட்கார வைத்து, கையைப் பிடித்து அமுக்கி அமுக்கிப் போட்டுவிடுவார். கையைக் கொடுத்துவிட்டால் அசையக் கூடாது. அவர் "ஆச்சு தாயி" என்று சொல்லும்வரை எழுந்திரிக்கவும் கூடாது. முந்திரிக்கொட்டை மாதிரி எழுந்து வளையலை உடைத்துக்கொண்டால், மறுபடி கடைசி ஆளாக உட்கார வைத்துவிடுவார். அக்காவை ஒருமுறை அப்படி உட்கார வைத்தார். அவள் அழுதாள், நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக வீட்டுக்கு வந்து எனக்குக் குட்டு விழுந்தது.

இந்தக் கதைகளைத்தான் நான் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் சொல்லி வளர்த்தேன். அக்கா மகள் அந்த வளையல் கடைக் கதையை நூறு தடவை கேட்டிருப்பாள். "ஆச்சு தாயி" வரும் இடத்தில் அவளே முந்திக்கொண்டு சொல்வாள்.

காதுகுத்து முடிந்து மறுநாள் காலை பஸ்ஸில் திரும்பினோம். புதுக்கடை நிறுத்தம் வந்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. நான் கல்யாணமாகி மதுரைக்குப் போன பிறகு அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. கடலை மில்காரர் செத்தார், மகன்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், கடைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின என்று காதில் விழுந்திருந்தது. விழுந்தால் என்ன, ஒன்றிரண்டு கடையாவது இருக்கும், பிள்ளைகளுக்குக் காட்டுவோம் என்று இறங்கிவிட்டேன். அடுத்த பஸ் ஒரு மணி நேரத்தில். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை என்பார்களே, இது கட்டெறும்புகூட இல்லை. சீமைக்கருவேலம் முற்றத்தை நிறைத்துத் தாழ்வாரத்துக்குள் நுழைந்திருந்தது. மீன் தொட்டியில் செம்மண்ணும் பாம்புச் சட்டையும். பலகைக் கதவுகளைப் பிடுங்கி எடுத்துப் போய்விட்டார்கள். ஒவ்வொரு கடையும் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. உள்ளேயிருந்து வௌவால் நாற்றம். ஒரு ஆள் இல்லை, ஒரு ஆடு இல்லை. பகல் பதினொன்றரை மணிக்கு எனக்கு மயிர் கூச்செறிந்தது. உச்சி வேளையில் பாழடைந்த இடத்துக்குப் போகாதே என்று சொல்வதை நான் வகுப்பில் கேலி செய்கிறவள். அன்றைக்குக் கேலி வரவில்லை.

பிள்ளைகளுக்குப் பயம் ஏது? "இதுவா சர்பத் கடை? இதுவா போட்டோக் கடை?" என்று ஆளுக்கொரு பக்கம் ஓடின. நான் ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவியது. பின்பக்கம் கடைக்காரர்கள் தண்ணீர் எடுத்த வட்டக் கிணறு ஒன்று உண்டு என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. எட்டிப் பார்த்தேன். கிணற்றுச் சுவர்க் கல்லையும் யாரோ பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். தரையோடு தரையாக வாயைத் திறந்து கிடந்தது. "வாங்க, வாங்க, போவோம்! எல்லாரும் ரோட்டுக்கு வாங்க!" என்று கத்தினேன்.

ரோட்டில் பஸ்ஸும் வந்துவிட்டது. முகூர்த்த நாள் கூட்டம். படிக்கட்டு வரை ஆட்கள். உட்கார்ந்திருந்த பெண்கள் வழக்கம்போலக் கையை நீட்டிப் பிள்ளைகளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்கள். ஒன்று முன்னால், ஒன்று பின்னால் போனது. நான் கம்பியில் தொங்கிக்கொண்டு, "எல்லாரும் ஏறிட்டீகளா?" என்று கேட்டேன். "ஏறிட்டோம்!" என்று கோரஸாகப் பதில் வந்தது. ஏறாத பிள்ளை எப்படி இல்லை என்று சொல்லும்? நாற்பது பிள்ளைகளை எண்ணுகிற டீச்சருக்கு அது தோன்றவில்லை. அக்காவுக்குக் கொடுத்த வாக்கு, எண்ணாமல் நின்றேன்.

இரண்டு மைல் தாண்டியிருக்கும். கண்டக்டர் நெருக்கிக்கொண்டு வந்தார். "உசிலம்பட்டிக்கு ஒரு முழு, அஞ்சு அரை" என்றேன். அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு முன்னும் பின்னும் பார்த்தார்.

"நாலு அரைதானம்மா இருக்கு. அஞ்சுன்றீங்க?"

ஒவ்வொரு மடியாகப் பார்த்தேன். என் பிள்ளைகள் இருந்தார்கள். தம்பி பிள்ளைகள் இருந்தார்கள். அக்கா மகள் இல்லை.

நான் போட்ட கூச்சலில் டிரைவர் பஸ்ஸை அப்படியே நிறுத்திவிட்டார். என் சின்னவனை மடியில் வைத்திருந்த பெண், கழுத்தில் துண்டு போட்டிருந்த நடுவயதுக்காரி, என் கையைப் பிடித்தாள். "நீ எறங்கி ஓடு தாயி. இதுகள நான் உசிலம்பட்டி பஸ்டாண்டுல வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். நீ வாரவரைக்கும் நகர மாட்டேன்." அவள் யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. நாலு பிள்ளைகளை முன்பின் தெரியாதவளிடம் விட்டுவிட்டு ஒரு பிள்ளைக்காக இறங்கி ஓடினேன்.

வெயில் மண்டையைப் பிளந்தது. தார் ரோட்டில் செருப்பு ஒட்டி வார் அறுந்தது. வீசிவிட்டு வெறுங்காலோடு ஓடினேன். கிணறுதான் கண்ணில் நின்றது. அக்காவின் முகம் நின்றது. மூன்று பிள்ளைகளைக் கண்ணால் பார்க்காமலே பறிகொடுத்தவளிடம் போய் நான் என்ன சொல்வேன்? உன் மகளுக்குக் கடை காட்டப் போனேன் என்றா? எதிரே காலிப் பால் கேன்களோடு ஒருவர் சைக்கிளில் வந்தார். "அண்ணே, புதுக்கடையில புள்ளைய விட்டுட்டு வந்துட்டேண்ணே" என்றேன். அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேன்களை ரோட்டோரம் இறக்கி வைத்துவிட்டு, "ஏறு தங்கச்சி" என்றார். முன்பின் தெரியாத ஆம்பிளையின் சைக்கிளில் நான் ஏறியது அன்று ஒருநாள்தான்.

புதுக்கடையில் இறங்கியதும் நேராகக் கிணற்றுக்குத்தான் ஓடினேன். விளிம்புக்கு நாலடி தள்ளி ஒரு சின்னச் செருப்பு கிடந்தது. சிவப்பு வார். அக்கா வாங்கிக் கொடுத்தது. குப்புறப் படுத்து உள்ளே பார்த்தேன். அடியில் பச்சைப் பாசி, அசைவில்லை. பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். நாலு புறாக்கள் படபடவென்று முகத்தில் மோதுவது மாதிரி மேலே வந்தன. நான் அலறினேன்.

அப்போது பால்காரர் பின்னாலிருந்து தணிந்த குரலில், "தங்கச்சி, இங்கிட்டு வா. சத்தம் போடாத" என்றார்.

வளையல் கடை. கூரையின் நடு உத்திரம் ஒடிந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஓடுகள் அத்தனையும் அந்த உத்திரத்தை நம்பிச் சாய்ந்து நின்றன. அதற்கு நேர் கீழே, ஒரு பலகைத் துண்டில், ஒரு காலில் செருப்போடு அக்கா மகள் உட்கார்ந்திருந்தாள். வலது கையை எதிரே நீட்டியிருந்தாள். அசையவில்லை. நான் வாயைத் திறந்ததும் ஒரு ஓடு சரிந்து அவளுக்குப் பக்கத்தில் விழுந்து நொறுங்கியது. அதற்கும் அவள் அசையவில்லை.

"நாங் கூப்பிட்டது கேக்கலையாடி?" கிசுகிசுத்தேன்.

"கேட்டுச்சு சித்தி. ஆனா அவரு இன்னும் ஆச்சு தாயின்னு சொல்லலையே."

"யாருடி?"

"நீ சொன்ன வளையல்காரரு. இங்கதான இருப்பாரு?"

அந்த மனுஷர் செத்து வருஷக்கணக்காகிறது. ஆனால் அவள் கண்ணில் பயமே இல்லை. பதறி எழுந்தால் வளையல் உடையும், கடைசி ஆளாக உட்கார வேண்டும் என்பதுதான் அவள் பயம். நான் கதை சொன்ன லட்சணம், ஓடு தலையில் விழுந்தாலும் எழுந்திரிக்காத பிள்ளையை உண்டாக்கி வைத்திருந்தேன்.

பால்காரர் போக வேண்டாம் என்று தோளைப் பிடித்தார். உதறிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அடிமேல் அடி வைத்து உள்ளே போனேன். அவள் எதிரே குத்த வைத்தேன். தலைக்கு மேல் மரம் முனகுவது கேட்டது. அவள் கையைப் பிடித்து அமுக்கி, இல்லாத வளையலை ஒன்று போட்டேன், இன்னொன்று போட்டேன். நான் அமுக்கிய அமுக்கில் நிஜ வளையலாக இருந்தால் உடைந்திருக்கும்.

"ஆச்சு தாயி" என்றேன்.

சிரித்துக்கொண்டே எழுந்தாள். வாரி எடுத்துக்கொண்டு வெளியே பாய்ந்தேன். கூரை அன்று விழவில்லை. அடுத்த மழையில் விழுந்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

உசிலம்பட்டி பஸ்டாண்டில் துண்டு போட்ட பெண் சொன்ன சொல் மாறாமல் உட்கார்ந்திருந்தாள். நாலு பிள்ளைகளும் முறுக்குத் தின்றுகொண்டிருந்தன. நான் ஒவ்வொரு தலையாகத் தொட்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு" என்று பஸ்டாண்டே கேட்க எண்ணினேன். "ஐயையோ, புள்ளைகள எண்ணாத தாயி!" என்று அவள் பதறினாள். "எண்ணுவேன்" என்றேன். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினேன். அதன் பிறகு அவள் தோளில் சாய்ந்து அழுதேன்.

நடந்ததை வீட்டில் சொல்லக் கூடாது என்று வழியிலேயே பிள்ளைகளிடம் சத்தியம் வாங்கினேன். மதுரை வந்து சேர்ந்தபோது பொழுது சாயவில்லை. அக்கா கட்டுக் காலை நீட்டிக்கொண்டு வாசலையே பார்த்திருந்தாள். மகள் ஓடிப்போய் வெறுங்கையை நீட்டினாள். "அம்மா, வளையலு பாரு." பிள்ளை விளையாட்டு என்று நினைத்து, "அடடா, அழகா இருக்கே! எந்தக் கடையில வாங்குன?" என்றாள் அக்கா.

"புதுக்கடையில. சித்திதான் போட்டுவிட்டுச்சு."

அக்கா முகம் மலர்ந்துவிட்டது. "அது இன்னுமா இருக்கு? ஏன்டி, கால் சரியானதும் என்னையும் ஒருநா கூட்டிட்டுப் போயேன்."

"வேணாம்!" என்று கத்திவிட்டேன். வீடே திரும்பிப் பார்த்தது.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். வெறுங்காலைப் பார்த்தாள். "என்னடி ஆச்சு? புள்ளைகள எண்ணுனியா?"

"ஆமாக்கா" என்றேன். அதை மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது. இன்று வரைக்கும் மீதியைச் சொன்னதில்லை.

"அப்பவே சொன்னேன்ல" என்று தலையில் அடித்துக்கொண்டு, கட்டுக் காலோடு சுவரைப் பிடித்துப் போய் உப்பும் மிளகாயும் எடுத்து வந்தாள். ஐந்து பிள்ளைகளையும் கிழக்குப் பார்த்து உட்கார வைத்து, நான் எண்ணிய தோஷம் போகட்டும் என்று முணுமுணுத்துக்கொண்டு சுற்றிப் போட்டாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, உதடு அசையாமல், திரும்பவும் ஐந்து வரை எண்ணிக்கொண்டிருந்தேன்.