கான்கிரீட்டுக்குத் தெரியாத தேதி

மலேசியாவின் போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கு கட்டும் இடத்தில் வேலை அட்டவணை போடுவது என் பொறுப்பு. என்னென்ன வேலை என்று எழுதி, எதற்குப் பின் எது என்று அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் என்று கேட்டு, ஆள் இருக்கிறதா என்று பார்த்து, அதற்குப் பிறகுதான் முடியும் தேதியைச் சொல்ல வேண்டும். அப்படித்தான் படித்திருந்தேன்.

எங்கள் மேலாளர் தேதியில் தொடங்கினார். திறப்பு விழா அழைப்பிதழ் அச்சடித்து, சாப்பாட்டுக்கும் சொல்லிவிட்டு, பிரமுகர் ஒருவரையும் வரச் சம்மதிக்க வைத்த பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"தேதி ரெடி. நடுவுல உள்ளத நீங்க ஃபில் பண்ணிடுங்க."

நிரப்பிப் பார்த்தேன். ஆறு வாரம் அதிகமாக வந்தது. அங்கங்கே கிள்ளினேன். கான்கிரீட் தரை காய ஒரு மாதம் போட்டிருந்ததை மேலாளரே பத்து நாளாக்கினார். கணினி மறுப்புச் சொல்லவில்லை. தாமதம் காட்டிச் சிவப்பாக இருந்த கோடுகள் பச்சையாக மாறின. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அச்செடுத்துத் தளக் கண்காணிப்பாளரிடம் கொடுத்தேன். பக்கத்துப் பண்டமாரான் ஊர்க்காரர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நிதானமாகப் படித்தார்.

"பத்து நாள்ல காயணும்னு கான்கிரீட்டுக்கு யாரு மெமோ அனுப்புனா, மிஸ்?"

"பாஸ் சொல்லிட்டாருண்ணே."

"ஈரத்து மேல பெயின்ட் அடிச்சா கொப்பளிக்கும் லா."

அதை மேலாளரிடம் போய்ச் சொன்னேன். "நெகட்டிவா பேசாதீங்க" என்றார். எனக்கு வேலை வேண்டியிருந்தது.

விழா சொன்ன நாளில் நடந்தது. தரைப் பெயின்ட் முந்தின நாளே அப்பளம் போல உப்பியிருந்ததால் அதன்மேல் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். பிரமுகர் நடக்க நடக்கக் காலடியில் படக், படக் என்று சத்தம். நின்று கீழே பார்த்தார். உடனே மேலாளர் கைதட்டினார். நாங்களும் தட்டினோம். பிரமுகர் கம்பளத்தைக் கடக்கும்வரை தட்டிக்கொண்டே இருந்தோம்.

மறுநாள் கம்பளத்தை எடுத்தபோது பாதிப் பெயின்ட் அதோடு உரிந்து வந்தது. தரையைச் சுரண்டி, நன்றாகக் காயவிட்டு, மறுபடி பூசி முடிக்க இரண்டு மாதம் ஆனது. ஆனால் அறிக்கையில் திட்டம் குறித்த நாளில் நிறைவேறியது. அந்த இரண்டு மாதத்துக்குப் பெயர் 'பராமரிப்பு'. எழுதியவள் நான்தான்.

அறிக்கையைப் பார்த்துவிட்டுக் கண்காணிப்பாளர் போன் செய்தார். "ஒரு சாமான்கூட எறங்காத கட்டடத்துக்கு என்ன மிஸ் பராமரிப்பு?"

"சாப்டீங்களாண்ணே?" என்று கேட்டேன்.