லவெர்னுக்காக இரட்டித்த பந்தயம்

வெண்டெல் கிராண்ட்ஸ் இருபத்தாறு வருடம் அமெரிக்காவின் ரீனோவில் நகரப் பேருந்து ஓட்டியவர். சூதாட்ட விடுதியில் சீட்டுப் போடும் வேலைக்கு நான் அவர் வண்டியில்தான் போவேன். ஒரு நிமிடம் முந்தமாட்டார், பிந்தமாட்டார். அவ்வளவு கணக்கான மனுஷன். அந்தக் கணக்குதான் அவரைக் கெடுத்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு என் பிளாக்ஜாக் மேஜையில், இருபத்தொன்றைத் தாண்டாமல் அதை நெருங்குபவர் ஜெயிக்கும் சீட்டாட்டத்தில், வந்து உட்கார்ந்தார். மனைவி லவெர்ன் சனிக்கிழமை இறந்திருந்தாள்.

"குழிக்கும் பெட்டிக்கும் மூவாயிரத்து இருநூறு டாலர் கேக்கறாங்க, கண்ணு. எங்கிட்ட ரெண்டாயிரத்து ஐந்நூத்தி நாப்பதுதான் இருக்கு. அஞ்சு மணிக்குள்ள கட்டலைன்னா அரசாங்கச் செலவுல எரிச்சிடுவாங்க. அவளுக்கு நெருப்புன்னா நடுக்கம். அடுப்பு பத்தவைக்கக்கூட என்னைத்தான் கூப்பிடுவா."

"வீட்டுக்குப் போங்க, வெண்டெல்," என்றேன் உதடு அசையாமல். தலைக்கு மேலே கேமரா.

அவர் ஒரு தாளை எடுத்து வைத்தார். பேருந்து அட்டவணை மாதிரி கோடு போட்டு எழுதியிருந்தார். முதலில் இருபது. தோற்றால் நாற்பது, பிறகு எண்பது என்று இரட்டித்துக்கொண்டே போக வேண்டும். எப்போது ஜெயித்தாலும் விட்டதெல்லாம் திரும்பி, மேலே ஒரு இருபது கிடைக்கும். அப்படி முப்பத்துமூன்று இருபது சேர்ந்தால் லவெர்னுக்குக் குழி.

"வரிசையா ஏழு தடவை தோத்தாத்தான் கைக்காசு தீர்ந்து வம்பு. ஏழு தடவை எவன் தோப்பான்?"

பக்கத்தில் இருந்த லாரிக்காரர் சிரித்தார். "பெரியவரே, இந்தக் கணக்க நம்பி வந்தவங்க காசுலதான் இந்தப் பதினேழு மாடியும் எழும்பியிருக்கு."

மதியம் ஒரு மணிக்குள் முப்பத்தோரு இருபது சேர்த்துவிட்டார். இன்னும் நாற்பது டாலர்தான் குறை. என் லாக்கரில் அறுபது இருந்தது. பத்து நிமிடத்தில் எனக்கு இடைவேளை. கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். மேற்பார்வையாளர் கில் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். வேலை போய்விடும் என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டேன். அந்தக் கோழைத்தனத்தை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அடுத்த ஆறு ஆட்டமும் தோற்றார். ஏழாவது பந்தயம் ஆயிரத்து இருநூற்று எண்பது. அவருக்கு இரண்டு எட்டு விழுந்தது, எனக்குத் திறந்த சீட்டு ஆறு. ஆட்டம் தெரிந்த எவரும் அந்த எட்டுகளைப் பிரித்து இரண்டு கையாக ஆடுவார்கள். அதற்கு அதே தொகையை இன்னொரு முறை வைக்க வேண்டும். அவரிடம் மிச்சம் அறுநூற்று இருபது.

"பிரிக்க முடியாதா, கண்ணு?"

"முடியாது, சார்."

மேலும் சீட்டு வாங்காமல் பதினாறோடு நின்றுகொண்டார். என் மூடிய சீட்டைத் திருப்பினேன்: பத்து. அடுத்து எடுத்தது ஐந்து. இருபத்தொன்று. பந்தயத்தை என் கையாலேயே வாரினேன்.

அவர் எழுந்து, ஐந்து டாலர் பந்தய வில்லை ஒன்றை எனக்கு இனாமாகத் தள்ளினார். "உன்மேல தப்பில்ல."

இனாம் வாங்கினால் நன்றி சொல்ல வேண்டும் என்பது விதி. சொன்னேன்.

வியாழக்கிழமை எரியூட்டும் இடத்துக்கு அவரும் நானும் மட்டும்தான் போனோம். ஊழியர் பொத்தானை நோக்கிக் கையை நீட்டினார். வெண்டெல் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க விடுங்க, தம்பி. அவ பயப்படுவா. எப்பவும் நான்தான் பத்தவைப்பேன்."