போர்முனை நர்சுகளும் எங்கள் மதினியும்

எங்கள் மதினி அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அண்ணனைக் கட்டிக்கொண்டு உத்தமபாளையத்துக்கு வந்து பதினைந்து வருடமாகிறது. இத்தனை வருடத்தில் தன் வேலையைப் பற்றி அவர் வீட்டில் பேசிக் கேட்டதில்லை. ஒரு டிவி தொடர்தான் அவரைப் பேச வைத்தது.

ஏதோ வெளிநாட்டுத் தொடர். தமிழில் குரல் கொடுத்து மதியம் மூன்று மணிக்குப் போட்டார்கள். போர்முனைக்குப் பக்கத்தில் கூடாரம் அடித்து ஓர் ஆஸ்பத்திரி, அதில் நாலைந்து நர்சுகள். காலை டூட்டி முடிந்து வரும் நாட்களில் மதினி சாப்பாட்டுத் தட்டோடு என் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். முதலில் குறைதான் சொன்னார். "ரத்தத்துக்குள்ள நிக்கிறவ துணி இம்புட்டு வெள்ளையாவா இருக்கும்?"

ஒரு நாள் கதையில், லாரி நிறையக் காயம்பட்டவர்கள் வந்து இறங்கினார்கள். அலறுகிறவர்களை எல்லாம் தாண்டி, மூலையில் பேசாமல் கிடந்த ஒருவனிடம் போனாள் மூத்த நர்ஸ். எனக்குக் கோபம் வந்தது.

"என்ன மதினி, கத்துறவனை விட்டுட்டுப் போறா?"

மதினி சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார். "கத்துறவனுக்கு மூச்சு இருக்குத்தா. சத்தமில்லாதவனைத்தான் மொதல்ல பாக்கணும். இதை எழுதுனவுக ஆஸ்பத்திரியில நின்னு பாத்திருக்காக." அன்றிலிருந்து அவர் ஒரு பாகம்கூட விடவில்லை.

அந்த மழைக்காலத்தில் ஒரு நாள் அவருக்கு மதிய டூட்டி. ஐந்து மணி வாக்கில் ஆஸ்பத்திரிக்குப் பலகாரம் கொண்டுபோனேன். நான் உள்ளே நுழையவும் வாசலில் வண்டிகள் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போய்த் திரும்பிய பெண்களின் ஜீப் மலைப்பாதை வளைவில் கவிழ்ந்திருக்கிறது. அந்த வழியாக வந்த வண்டிகளில் எல்லாம் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார்கள். வராந்தா முழுக்க அழுகை. ஒரு டாக்டர், இரண்டு நர்சுகள். நான் மரம்போல நின்றேன்.

"ஏத்தா, அங்கன நிக்காத. இங்கன வந்து இந்தக் குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடி" என்றார் மதினி.

கால் முறிந்த ஓர் இளம்பெண்ணுக்கு நான் பாட்டிலைப் பிடித்திருந்தேன். அவளுக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்து தேவாரம் ஊரைச் சேர்ந்த, நாற்பது வயதுள்ள ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. மதினி அவர் முன்னால் குனிந்ததும், "எனக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர், இந்தப் புள்ளையப் பாருங்க" என்றார். குரலே எழும்பவில்லை.

மதினி அவர் நாடியைப் பிடித்தார். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். வயிற்றில் கை வைத்ததும் அந்த அம்மா முகம் சுளித்தார்.

"டாக்டர், இவுகளை மொதல்ல பாருங்க!"

இளம்பெண்ணின் அண்ணன் கத்தினான். "கால் முறிஞ்சு கெடக்கா, சும்மா உக்காந்திருக்கிற ஆளைப் பாக்குறீகளா?"

மதினி திரும்பவில்லை. "வாரேன்ப்பா. ஒன் தங்கச்சிக்கு ஒண்ணும் ஆகாது. இவுகளுக்கு நேரமில்ல."

வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது என்றார் டாக்டர். முதல் ஆம்புலன்ஸில் அந்த அம்மாவைத் தேனி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மண்ணீரல் கிழிந்திருந்ததாம், உடனே ஆபரேஷன் செய்து பிழைக்க வைத்துவிட்டார்கள்.

அன்று இரவு வீட்டுக்கு வந்த மதினியிடம், "பயமா இல்லையா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு. நாடியப் பிடிச்சப்ப என் கையே சில்லுன்னு ஆயிருச்சு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். பதினைந்து வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். இவர் யாரென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மூன்று மாதம் கழித்து அந்த அம்மா ஆஸ்பத்திரிக்கே தேடி வந்து, மதினியை விருந்துக்குக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். நாட்டுக்கோழிக் குழம்பு வைத்திருந்தார். பக்கத்து வீட்டில் இருக்கும், அன்றைக்குக் கால் முறிந்த பெண்ணும் லேசாக நொண்டியபடி வந்து பரிமாறினாள். அவள் அண்ணன் மதினிக்கு எதிரே உட்காரக் கூச்சப்பட்டு வாசலிலேயே நின்றான். மதினிதான் அவனை உள்ளே கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பிடச் சொன்னார்.