சிவப்புப் பேனா அக்கா

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் என் ஒர்க் பெர்மிட் அட்டையைக் கேட்ட போலீஸ்காரர் ஒருவர், நான் அதை எடுப்பதற்குள் என்னைப் பிடித்துத் தள்ளிவிட்டார். புகார் எழுத உதவ வந்த தன்னார்வலர் அக்காவுக்கு நரைத்த கிராப்பு, காதில் செருகிய சிவப்புப் பேனா. என் கடிதத்தில் ‘மன்னிக்கவும்’ என்றிருந்த ஏழு இடங்களையும் கோடு போட்டு அடித்தார்.

“தள்ளினது அவரு. நீங்க ஏன் தம்பி சாரி கேக்குறீங்க?”

“சாரிக்கா.”

அதையும் காற்றிலேயே அடித்தார்.

மறுநாள் காலை போலீஸ் நிலையத்துக்கும் கூடவே வந்தார். ஒர்க் பெர்மிட் போய்விடுமோ என்று நான் அவர் முதுகுக்குப் பின்னாலேயே நடந்தேன். முகப்பிலிருந்த தமிழ் அதிகாரி நிமிர்ந்ததும் அக்கா முந்திக்கொண்டார்.

“சாரி ஆபீசர், டிஸ்டர்ப் பண்றோம் லா!”

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பேனாவை எடுத்துத் தன் உள்ளங்கையில் நீளமாக ஒரு கோடு போட்டுக்கொண்டு, அந்தக் கையாலேயே என் புகாரை நீட்டினார்.